நாலு பாகத் தண்ணீர்

விண்ணரசி முதுகைப் பின்னால் சாய்த்துக் கடலுக்குள் விழுந்தாள். அவளைத் தொடர்ந்து எங்கள் பேராசிரியர் அழகர் சாரும் விழுந்தார். படகு இரண்டு பக்கமும் ஆடிவிட்டு அடங்கியது. நான் படகிலேயே இருக்கிறேன், இருந்தும் என் கை மாஸ்க்கை அழுத்திப் பிடிக்க முகத்துக்குப் போய் வெறும் தோலைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. பழக்கம். இத்தனை மாதமாகியும் உடம்புக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது, கெடுத்ததே அதுதான், அதற்கே தெரியவில்லை. இரண்டு இடத்தில் குமிழிகள் வருகின்றன. சிறிதாகப் பொங்குவது விண்ணரசியுடையது, அவள் பதற்றத்தில் குட்டிக் குட்டி மூச்சாக விடுகிறாள், மெதுவா விடு விண்ணரசி, இழுத்து மெதுவா விடு, சொன்னேனே. பெரிதாக, நிதானமாக வருவது சாருடையது. இந்தக் குமிழிகளுக்கு நேர் கீழே நாலு பாகத் தண்ணீர், இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம் என்று படகுக்காரர் சீனியண்ணன்தான் எனக்குச் சொன்னார். அந்த நாலு பாகத்துக்கு அடியில் என் பவளங்கள் இருக்கின்றன. இருக்கின்றனவா? அதைப் பார்க்கத்தான் அவர்கள் போயிருக்கிறார்கள். புயலில் ஒடிந்து மணலில் புரண்டு கிடந்த கிளைகளைப் பொறுக்கி, சிமெண்டுப் பலகைகளில் ஒவ்வொன்றாக வைத்துக் கம்பியால் கட்டினேன், ஒடிந்த பவளம் திரும்பப் பிழைக்குமா என்பதுதான் என் ஆராய்ச்சி. பிழைத்தன. பிறகு இந்தக் கோடையில் கடல் சூடானது, மன்னார் வளைகுடாவில் திரும்பிய பக்கமெல்லாம் பவளம் நிறம் போய் வெளுத்தது, அது நீடித்தால் செத்துவிடும் என்றார்கள், அதற்குப் பிறகு காற்றுக் காலம், தண்ணீர் கலங்கிச் சேறாகி யாரும் இறங்க முடியவில்லை. இன்றைக்குத்தான் தெளிந்திருக்கிறது. இனி அந்த வேலை என் ஜூனியர் விண்ணரசியுடையது. இடத்தைக் காட்டிக் கொடுப்பதற்காக என்னைக் கூட்டிவந்திருக்கிறார்கள், காட்டிவிட்டேன். நாளைக்குக் காலையில் நான் கரூருக்குப் பஸ் ஏறுகிறேன்.

"ஏம்மா கோகிலா, வெயில்ல ஒக்காந்திருக்கே, இங்கிட்டு நெழலுக்கு வா" என்கிறார் சீனியண்ணன். இருக்கட்டும்ணே என்கிறேன். நிழலுக்குப் போனால் குமிழி தெரியாது. வெயில் தண்ணீரில் பட்டு உடைந்து உடைந்து கண்ணுக்குள் குத்துகிறது, கண்ணை மூடினாலும் சிவப்பாக அதே அலை. டீசல் வாசனை, பழைய மீன் வாசனை, ரப்பர் வாசனை. விண்ணரசி போட்டிருப்பது என் ரப்பர் உடை. அவளுக்குக் கால் பக்கம் நீளம், மடித்துவிட்டிருந்தாள். உயரமாக இருப்பதுதான் என் குற்றம். பள்ளிக்கூடத்தில் கொக்கு என்பார்கள், நான் கண்டுகொண்டதில்லை, கொக்கு தண்ணீரில்தானே நிற்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஆழமாக மூச்சு இழுத்தால் வலது விலாவில் தழும்பு இருக்கிற இடம் இறுகுகிறது. குழாய் சொருகியிருந்த இடம். மூச்சை நான் இப்போதெல்லாம் கவனித்துக்கொண்டே இருக்கிறேன், யாரும் கவனிக்காமல் விடுகிற மூச்சை நான் மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இது சரியாகப் போனதா, இது பாதியில் நின்றதா. தண்ணீருக்குள் அப்படித்தான் கேட்கும், உள்ளே இழுக்கும்போது ஒரு சத்தம், வெளியே விடும்போது குமிழிகள் காதோரம் உருண்டு போகிற சத்தம், அது பயமாக இருந்ததே இல்லை, தூளியில் கிடப்பது போல இருக்கும். பயம் தரைக்கு வந்தபிறகுதான்.

முதல் தடவை விடுதியில் போர்வையைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன். நெஞ்சில் ஏதோ பிய்ந்த மாதிரி இருந்தது. வாயு என்று நினைத்து வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தேன், தானாகச் சரியானது, யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் எத்தனை தடவை கடலில் இறங்கினேன். இரண்டாவது தடவை ராமநாதபுரம் பஸ்ஸில், ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தபோது. மறுநாள் காலையில் கோடைக் கணக்கெடுப்புக்கு இறங்குவதாக இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் உதட்டைப் பார்த்துவிட்டு வண்டிய நிப்பாட்டுங்க, வண்டிய நிப்பாட்டுங்க என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது, அந்தம்மாளின் கூடையில் இருந்த கொத்தமல்லி வாசனை ஞாபகம் இருக்கிறது, பிறகு மதுரை ஆஸ்பத்திரி. அங்கே இருந்த டாக்டர் நல்லவர். ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "நுரையீரல் மேல சின்னச் சின்னக் கொப்புளமா இருக்கும்மா. ஒல்லியா உயரமா இருக்கறவங்களுக்கு வரும். அது உடைஞ்சா காத்து வெளிய கசிஞ்சு நுரையீரலை அப்படியே சுருட்டிரும்" என்றார். ஆபரேஷன் முடிந்து நடக்க ஆரம்பித்தபிறகு கேட்டேன், இனிமே சரியாயிரும்ல சார்? "எல்லாத்துக்கும் சரியாயிரும். ஓடலாம், மலை ஏறலாம், கல்யாணம் பண்ணிக்கிட்டுக் கொழந்தை பெத்துக்கலாம். முங்குறது மட்டும் கூடாது." எவ்வளவு நாளைக்கு சார்? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜென்மத்துக்கும்" என்றார். தண்ணீருக்குள் அது நடந்திருந்தால் நான் மேலே வந்து சேர்ந்திருக்க மாட்டேனாம். அப்பா டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸ்கூல் வேன் ஓட்டிக் காய்த்துப்போன கை. "பழனியாண்டவன் காப்பாத்திட்டான் கண்ணு. வெளிய வெச்சு ஆச்சு பாரு. உள்ள வெச்சு ஆயிருந்தா எம் புள்ளைய நாந் தேடிக்கூட எடுத்திருக்க முடியாது." அவர் அழுதார், சிரித்தார், வார்டில் இருந்த எல்லாருக்கும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்தார். அம்மா முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாள். சொந்தக்காரர்கள் வந்து, பெரிய கண்டம் தாண்டிட்டே என்றார்கள். எல்லாரும் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். இழவு விழுந்தது எனக்கு மட்டும், அதற்கு யாரும் துக்கம் கேட்க வரவில்லை. வரவேண்டும் என்று எப்படிச் சொல்வது, நீ உயிரோடுதானே இருக்கிறாய் என்பார்கள், இருக்கிறேன்தான்.

அப்பாதான் முதலில் கடலைக் காட்டியவர், அதை அவர் மறந்திருப்பார். தாத்தாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போயிருந்தோம். கரூர்ப் பக்கம் எங்கள் அரவக்குறிச்சியில் தண்ணீர் என்றால் லாரியில் வருவது, குடத்தை வரிசையில் வைப்பது. இவ்வளவு தண்ணீரை யாரும் பிடித்துக்கொண்டு போகாமல் விட்டிருக்கிறார்களே என்று நின்றேன். ஐயர் பிண்டம் உருட்டுகிற நேரத்தில் நான் பாறைப் பக்கம் போய்க் குழியில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் கையை விட்டேன், ஏதோ கொழகொழவென்று நகர்ந்தது, பிடித்ததும் ஊதாவாக மை கக்கியது, கை முழுக்க ஊதா. அப்பா ரத்தம் என்று நினைத்து ஓடிவந்து, இல்லை என்று தெரிந்ததும் முதுகில் ஒன்று வைத்தார். ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் கையைக் கழுவ மாட்டேன் என்று நான் மடக்கியே வைத்திருந்தேனாம். அதன் பெயர் கடல் முயல் என்று கல்லூரிக்கு வந்துதான் தெரிந்தது. விலங்கியல் எடுத்ததே அதற்காகத்தான், யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சக மாணவிகள் நீட் பற்றி, நர்சிங் பற்றிப் பேசுவார்கள், நான் தூத்துக்குடி, மண்டபம், போர்ட் பிளேயர் என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். லட்சத்தீவில் ஒரு வருஷமாவது இருக்க வேண்டும். அண்டார்டிகாவுக்குப் போகிற கப்பலில் ஏற வேண்டும். எப்படியாவது ஒரு புதிய உயிருக்குப் பெயர் வைக்க வேண்டும், அதில் எங்கள் ஊர்ப் பெயர் வர வேண்டும், கடலே இல்லாத ஊரின் பெயர் ஒரு கடல் பிராணிக்கு. எவ்வளவு பேராசை. "ஏங்கண்ணு, அத்தனாந் தண்ணிக்குள்ள அப்பிடி என்னதான் இருக்குது?" என்று அப்பா கேட்பார். என்ன சொல்வது, முதல் தடவை உள்ளே போனபோது என்னை நிறுத்தியது கண்ணில் பட்ட எதுவுமில்லை, சத்தம். கடல் அமைதி என்று நினைத்திருந்தேன். அங்கே கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. நாலா பக்கமும் சடசடவென்று, பெரிய இருப்புச் சட்டியில் யாரோ ஓயாமல் தாளித்துக்கொண்டிருப்பது போல. இறால்கள் அப்படிச் சொடுக்குமாம். உயிருள்ள பவளப் பார்தான் அப்படிச் சத்தம் போடும், செத்த பார் ஊமையாகிவிடும் என்று சார் பிறகு சொன்னார். இப்போது கீழே சத்தம் இருக்கிறதா? விண்ணரசி, ஒரு நிமிஷம் மூச்சை விடாமல் காதைக் கொடு. ஐயோ, மூச்சை நிறுத்தாதே, அங்கே மூச்சை நிறுத்தக் கூடாது, நான் என்ன நினைக்கிறேன்.

சார் என்னைக் கைவிடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, தானே டீ வாங்கிவந்து கொடுத்து, "கடல் ஆராய்ச்சின்னா முங்குறது மட்டுந்தானா கோகிலா? லேப்ல வேலை இல்லையா? மரபணு பண்ணலாம், சாட்டிலைட் படம் பாக்கலாம். எத்தனையோ பேர் கடல்ல கால் நனைக்காமலே பெரிய ஆளாயிருக்காங்க" என்றார். உண்மைதான். நான் யோசித்தேன், மாதக்கணக்காக யோசித்தேன், ஆய்வகத்தில் போய் உட்கார்ந்தும் பார்த்தேன். மற்றவர்கள் கீழேயிருந்து வெட்டிக்கொண்டு வந்த துண்டு, ஸ்பிரிட்டில் ஊறி நிறம் போய், என் கையில் இருந்தது. இடுக்கியால் பிடித்துக்கொண்டே இருந்தேன். இது எந்தப் பக்கம் பார்த்து நின்றது, இதன் பக்கத்தில் யார் இருந்தார்கள், நீரோட்டம் இதை எந்தப் பக்கம் தள்ளியது, ஒன்றும் தெரியவில்லை, என் கண் நிறைந்துவிட்டது, எழுந்து வந்துவிட்டேன். பலவீனம் என்று சொல்வார்கள். சொல்லட்டும். ஒருத்தியிடம் இனிமேல் பாடக் கூடாது என்று சொல்லிவிட்டு, பாட்டுப் புத்தகம் அச்சடிக்கிற வேலைக்கு வா என்றால் நல்ல வேலைதான், போகிறவர்கள் போகலாம். அப்பா போனில், வந்துரு கண்ணு, பி.எட். முடிச்சீன்னா நம்மூர்ப் பள்ளிக்கூடத்துலயே சேந்துக்கலாம் என்றார். சரிப்பா என்றேன், அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பவளம் செடியா, கல்லா, விலங்கா என்று பிள்ளைகளிடம் கேட்பேன். விலங்கு, டீச்சர் என்று கோரஸாகச் சொல்வார்கள். விண்ணரசிக்கு இதெல்லாம் தெரியும், தெரிந்துதான் நேற்று என் உடையை வாங்கும்போது முகத்தைப் பார்க்காமல், "அக்கா, நான் வேற உடுப்பு பாத்துக்கிடட்டுமா?" என்றாள். தூத்துக்குடிக் கடற்கரைப் பெண், கடலில் விளையாடி வளர்ந்தவள், போன வருஷம் அவளுக்குச் சிலிண்டர் மாட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். நல்ல பெண். கெட்டிக்காரி. அவள் இறங்குவதற்கு முன்னால் என் கையைப் பிடித்து, நல்ல சேதியோட வாரேன்க்கா என்றபோது எனக்குள் ஒன்று, என் குரலிலேயே, தெளிவாகச் சொன்னது: செத்துப்போயிருக்கட்டும். எல்லாம் வெளுத்துச் செத்துப் பாசி படிந்து கிடக்கட்டும், எனக்கு இல்லாதது யாருக்கும் வேண்டாம். நான்தான் சொன்னேனா? ஒவ்வொரு கிளையையும் உள்ளங்கையில் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போன நானா? அந்த வார்த்தை வந்த இடத்தை இப்போதும் என்னால் பார்க்க முடியவில்லை, பக்கத்தில் போனால் சுடுகிறது, விலகி வந்தால் பின்னாலேயே வருகிறது. சாகட்டும் என்று நினைத்ததால் எதுவும் சாகாது, கடலுக்கு என் மனசு தெரியாது, வெயிலுக்கும் தெரியாது. ஆனால் நான் நினைத்தேன். அது எனக்குத் தெரியும்.

குமிழி ஒன்றுதான் வருகிறது. எப்போதிலிருந்து? சார் பக்கத்துப் பெரிய குமிழி மட்டும் வருகிறது, சிறியது எங்கே. இங்கேதானே இருந்தது, படகு திரும்பிவிட்டதா, இல்லை, எதிரே இருந்த தீவு அங்கேதான் இருக்கிறது. அலை அடித்து மறைக்கிறது. இல்லை, அலை இல்லை. விண்ணரசியின் அம்மா நண்டு ரசம் வைத்து டப்பாவில் கொடுத்தனுப்புவாள், ஒங்க அக்காளுக்கும் குடு என்று சொல்லி அனுப்புவாள், என்னை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அந்தம்மாளிடம் போய் என்ன சொல்வது, நான் மேலே இருந்தேன், வெயிலில் உட்கார்ந்து உங்கள் மகள் தொட்டது எல்லாம் சாகட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றா. அண்ணே, ஒண்ணுதான் வருது. அண்ணே! எழுந்துவிட்டேன், படகு சாய்கிறது, விளிம்பைப் பிடித்துக் குனிகிறேன், கீழே பச்சை, பச்சைக்குக் கீழே இருட்டுப் பச்சை, என் நிழல் மட்டும் நெளிகிறது. நெஞ்சு தானாக நிறைகிறது, குதிக்கப் போகிறவள் இழுக்கிற மூச்சு அது, எனக்கே தெரியாமல் இழுக்கிறேன், விலாவில் கத்தி சொருகின மாதிரி இருக்கிறது, இருக்கட்டும், நாலு பாகம்தானே. சீனியண்ணன் என் முழங்கையைப் பிடித்துவிட்டார். என்னை அவர் தொட்டதே இல்லை. "கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? ஒக்காரு! ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டுப் போனா குமிழி ஒண்ணாத்தான் தெரியும். அந்தா பாரு." அவர் காட்டுகிற இடத்தில், பெரிய குமிழிகளுக்கு நடுவே, குட்டிக் குட்டியாக. இருக்கிறாள். பக்கத்தில் பக்கத்தில் போகிறார்கள், சார் அவளுக்கு எதையோ காட்டிக்கொடுக்கிறார் போல. உட்கார்ந்தேன். சீனியண்ணன் பாட்டிலைத் திறந்து தண்ணீரை நீட்டினார், குடித்தேன், வழிந்து கழுத்துக்குள் போனது. "ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்கப்பனுக்கு நான்ல பதில் சொல்லணும்" என்றார், கோபமாகச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழுத்தி அழுத்தி மூச்சு விட்டுப் பார்த்தேன். உடைந்திருக்கிறதா, கசிகிறதா. இல்லை. வலித்தது, அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு நடுவில் எனக்கு ஒன்று புரிந்தது, குதித்திருப்பேன். அவளுக்காகவா கீழே போவதற்காகவா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

விண்ணரசியின் தலைதான் முதலில் வந்தது. மாஸ்க்கை நெற்றிக்குத் தள்ளி, வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, இருமிக்கொண்டே, "அக்கா! இருக்குக்கா! உயிரோட இருக்குக்கா!" என்றாள். அந்த நொடியில் எனக்குள் எதுவும் குறுக்கே வரவில்லை. சுத்தமான சந்தோஷம், படகும் இல்லை, வெயிலும் இல்லை, நான் கீழே அவற்றுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எல்லாமா என்று கேட்டேன். "எல்லாம் இல்லக்கா. கரைப்பக்கம் உள்ள பலகையெல்லாம் போச்சு, பாசி மூடிக் கெடக்கு. ஆழத்துப் பக்கம் இருக்கு, பாதிக்கு மேல இருக்கு." என்ன கலர்? "பழுப்புதான்க்கா. தேன் கலர். நுனி மட்டும் வெள்ளையா இருக்கு." வெள்ளைன்னா எப்படி, வெளுத்ததா, என்று நான் கேட்பதற்குள் சார் மேலே வந்து படகைப் பிடித்துக்கொண்டு, "வளருது கோகிலா. புது நுனி. நீ போட்ட கட்டு முழுக்க மூடிக்கிட்டு வளந்திருக்கு, கம்பி எதுவும் கண்ணுக்குத் தெரியல" என்றார். அவர் கண் சிவந்திருந்தது, உப்பாக இருக்கலாம். சீனியண்ணன் விண்ணரசியின் சிலிண்டரை வாங்கி மேலே வைத்தார். நான் குனிந்து அவளை இழுத்து ஏற்றினேன். விலாவில் தழும்பு இழுத்தது, விடவில்லை. கடைசிப் பலகையில், கிளைகளுக்கு நடுவில், நகத்தளவு நண்டு ஒன்று இருக்கும், செம்புள்ளி நண்டு, நாம் விரலை நீட்டினால் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வரும், அது இருந்துச்சா என்று கேட்டேன். விண்ணரசி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "பாக்கலையேக்கா" என்றாள். மணல் ஏறியிருக்கா, கீழ்ப்பக்கம்? "கவனிக்கலக்கா." சத்தம்? சடசடன்னு கேட்டுச்சா? "என் மூச்சுச் சத்தந்தான் கேட்டுச்சு, பயத்துல" என்று சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "அடுத்த தடவ போறப்ப பாத்துட்டு உங்களுக்கு போன் பண்ணுறேன்க்கா. வீடியோ எடுத்து அனுப்புறேன். சத்தியமா." செய்வாள். சில தடவை செய்வாள். அப்புறம் அவளுக்கு அவளுடைய கேள்விகள் வரும், வர வேண்டும், நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். அவள் பார்த்தது எனக்குக் கிடைக்கும். அவள் பார்க்காமல் விட்டது இனி எனக்கு இல்லை. சார் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஏம்மா அழற? இன்னைக்கு நீ சந்தோஷப்பட வேண்டிய நாள்" என்றார். சந்தோஷம்தான் சார் என்றேன். பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. சீனியண்ணன் நங்கூரத்தை இழுத்துப் போட்டார், எஞ்சின் இரண்டு தடவை திணறிவிட்டுப் பிடித்துக்கொண்டது, படகு கரையைப் பார்த்துத் திரும்பியது. விண்ணரசி குளிரில் பல் அடித்துக்கொள்ள என்னை ஒட்டி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள், மொதல்ல ஒண்ணுமே தெரியலக்கா, அப்புறம் ஒரு மீன் கூட்டம் விலகுச்சு பாருங்க, என்று. சொல்லு என்றேன். அவள் முடியிலிருந்து, முழங்கையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் தோளில் விழுந்து சுடிதார் முழுக்க நனைந்தது, கீழே இருந்த குளிர் இன்னும் அதில் மிச்சம் இருந்தது. நான் நகரவில்லை.